ஈன்ற நாயின் நோய்களும் நமது கவனமும்

காவிரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடும் இடத்தில் அமைந்த தீவு நகரம் ஸ்ரீரங்கப்பட்டணம். மைசூரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், இன்று மாண்டியா மாவட்டத்தின் ஒரு வட்டத் தலைநகராக விளங்கும் இவ்வூரை வரலாற்று மாணவர்கள் 1799ஆம் ஆண்டுப் போரின் பொருட்டு நினைவில் வைத்திருப்பர். கால்நடை மருத்துவ மாணவர்களுக்கோ இவ்வூரைப் பற்றி வேறொரு நினைவும் உண்டு. மைசூர் மன்னர்கள் தொடங்கிய அரசு மாட்டுப் பண்ணைகளுக்குத் திப்பு சுல்தான் ‘அமிர்த மகால்’ எனப் பெயரிட்டு ஒழுங்குபடுத்தியது, இத்தீவிலிருந்து அவர் ஆண்ட காலத்தில்தான். படைத் தளவாடங்களை இழுத்த அம்மாடுகளுக்கு அப்பெயரே இனப் பெயராக நிலைத்துவிட்டது. அதே வீதிகளில் திரிந்த நாய்க்கு அத்தகைய பெயரும் வாய்க்கவில்லை, துறையும் வாய்க்கவில்லை.

இன்றும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. ஊர்ப்புறக் கால்நடை மருந்தகங்களின் மருந்துப் பட்டியல் பசு, எருமை, ஆடு ஆகியவற்றை முன்வைத்தே தயாராகிறது. வருமானம் தரும் கால்நடைக்கு முதலிடம் அளிப்பதில் தவறில்லை. ஆயினும் 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் உரிமையாளர் இல்லாத நாய்கள் மட்டும் சுமார் 1 கோடியே 53 இலட்சம். கர்நாடகத்தில் 11 இலட்சத்துக்கு மேல். வீடுகளில் வளர்க்கப்படுபவை இதில் சேரா. இவற்றில் பெட்டை நாய்கள் ஒவ்வொன்றும் ஈன்று பாலூட்டும் வாரங்களில் அதன் உடல்நலம் அந்நாய்க்கு மட்டும் உரிய செய்தியன்று. தெருவில் விளையாடும் குழந்தைகளின் நலம், வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பு, நகராட்சியின் கருத்தடைப் பணி ஆகிய மூன்றும் அதனோடு பிணைந்துள்ளன. இக்கட்டுரை அந்த வாரங்களைப் பற்றியது.

ஆபத்து எப்போது தொடங்குகிறது?

நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். நம் நாட்டில் தெரு நாய்களிடையே மழைக்காலத்தின் பிற்பகுதியில் இனச்சேர்க்கை மிகுந்து, குளிர் மாதங்களில் குட்டிகள் மிகுதியாகப் பிறப்பதைப் பல இடங்களில் கண்டுள்ளனர். ஐப்பசி தொடங்கித் தை வரை, இடிந்த மதிலின் பொந்து, விறகுக் குவியல், மாட்டுக் கொட்டகையின் மூலை, கட்டி முடிக்காத வீடு என நனையாத இடமாகப் பார்த்து நாய் ஈனுகிறது. மனிதரை விட்டு விலகிய இடத்தையே அது தேடும் என்று நாம் நினைக்கிறோம். மேற்கு வங்காளத்தில் நடந்த ஆய்வுகள் இதற்கு மாறான உண்மையைக் காட்டின: தெரு நாய்கள் மனிதக் குடியிருப்பை ஒட்டிய இடங்களையே ஈனுவதற்குப் பெரிதும் தேர்ந்தெடுக்கின்றன. உணவு அங்கேதான் கிடைக்கிறது.

வளர்ப்பவர்கள் ஈனும் இரவில் கவலையோடு விழித்திருப்பர். கடைசிக் குட்டியும் பிறந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணுவர். இந்த எண்ணமே பல தாய் நாய்களின் உயிருக்கு உலை வைக்கிறது. கருப்பை அழற்சி முதல் வாரத்தில் வருகிறது. மடிவீக்கம் பால் சுரக்கும் எந்நாளிலும் வரலாம். யாவற்றினும் விரைந்து கொல்லும் இழுப்பு நோயோ, தாயும் சேயும் நன்றாக இருக்கின்றன என்று அனைவரும் அமைதியடைந்த இரண்டாம், மூன்றாம் வாரங்களில் வருகிறது.

இயல்பு எது என்பதை முதலில் அறிதல் நலம். ஈன்ற நாய்க்குக் கரும்பச்சை நிறக் கசிவு முதலில் தோன்றும். நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரியும் போது சிதையும் குருதியின் நிறம் அது. கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பின்னர் அது செம்பழுப்பாகி, நாளுக்கு நாள் குறைந்து, நான்கு முதல் ஆறு வாரங்களில் நின்றுவிடும். துர்நாற்றம் இராது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை. ஈன்ற முதல் சில நாட்களில் இது சிறிது கூடுதலாக இருப்பதுண்டு. தாய் நன்றாக உண்ணும். குட்டிகளை நக்கித் தூய்மை செய்யும். குட்டிகள் பால் குடித்துவிட்டு ஓசையின்றி உறங்கும். ஓயாமல் கத்தும் குட்டி, தாயிடம் ஏதோ குறை இருப்பதைத் தெரிவிக்கும் முதல் அறிவிப்பாளன் எனலாம்.

இழுப்பு நோய்

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். நகரத்து வீடொன்றில் ஸ்பிட்ஸ் அல்லது பொமரேனியன் வகைச் சிறிய நாய் ஐந்து குட்டிகளை ஈன்று பதினெட்டு நாட்கள் ஆகின்றன. குட்டிகள் கொழுகொழுவென்று வளர்ந்துள்ளன. மாலையில் தாய் நாய் நிலைகொள்ளாமல் அலைகிறது. நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. முகத்தைத் தரையில் தேய்க்கிறது. குட்டிகளை அருகில் விடவில்லை. சில மணி நேரத்தில் கால்கள் விறைத்து, மரக்கால் கட்டியதுபோல் நடக்கிறது. உடல் நடுங்குகிறது, வாயில் நீர் வடிகிறது. பின்னர் பக்கவாட்டில் விழுந்து கால்கள் விறைப்பாக நீண்டு வலிப்புக் காண்கிறது. உடல் வெப்பம் 105, 106 பாரன்ஹீட்டைத் தாண்டுகிறது. இந்நிலையில் மருத்துவம் கிட்டாவிடில் அதன் உயிர் மணிக்கணக்கில் போய்விடும்.

இதற்குக் காரணம் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் குறைந்துபோவதே. நலமான நாயின் 100 மில்லிலிட்டர் இரத்த நீரில் ஏறத்தாழ 9 முதல் 11 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். இது 7 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது நோய் வெளிப்படுகிறது. பால் வழியாக வெளியேறும் கால்சியத்தை, குடலும் எலும்பும் அதே வேகத்தில் ஈடுசெய்ய இயலாமையே இதன் அடிப்படை. உடல் சிறிதாகவும் குட்டிகள் பலவாகவும் இருக்கும்போது இந்தச் சமன்பாடு எளிதில் குலைகிறது. ஆதலால் சிறிய இனங்களில் இந்நோய் மிகுதி. முதோல், இராஜபாளையம் போன்ற பெரிய இனங்களில் குறைவு. ஒருமுறை கண்ட நாய்க்கு அடுத்த ஈற்றிலும் வரக்கூடும்.

பசுவைப் பழகிய மாணவருக்கு இங்கு ஓர் ஐயம் எழும். பசுவுக்கும் கன்று ஈன்றவுடன் கால்சியம் குறைந்து பால் காய்ச்சல் வருகிறது. ஆனால் பசு தளர்ந்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிடுகிறது, உடல் குளிர்ந்துபோகிறது. நாயோ விறைத்துக் கொதிக்கிறது. ஒரே குறைபாடு இரு எதிர்விளைவுகளைத் தருவது எவ்வாறு? நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கடத்தும் சந்தியில் விடை இருக்கிறது. பசுவில் கால்சியம் குறையும்போது அச்சந்தியில் செய்தி கடத்தும் வேதிப்பொருள் போதிய அளவு வெளிப்படுவதில்லை. தசை கட்டளை பெறாமல் தளர்கிறது. நாயில் அச்சந்தி செயலிழப்பதில்லை. மாறாக, கால்சியம் குறைந்த நரம்புச் சவ்வு மிகை உணர்ச்சி பெற்று, தூண்டுதலே இல்லாமல் மீண்டும் மீண்டும் செய்தி அனுப்புகிறது. தசைகள் ஓயாமல் சுருங்குவதால் உடல் வெப்பம் ஏறுகிறது. எனவே இக்காய்ச்சல் நோய்க்கிருமியால் வந்ததன்று. தசையின் உழைப்பால் வந்தது.

மருத்துவம் எளியது, மலிவானது. 10 விழுக்காட்டுக் கால்சியம் குளுக்கோனேட் மருந்தை, உடல் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 0.5 முதல் 1.5 மில்லிலிட்டர் என்ற கணக்கில், இரத்தக் குழாய் வழியாக 10 முதல் 20 நிமிடங்களில் மிக மெதுவாகச் செலுத்த வேண்டும். ஐந்து கிலோ எடையுள்ள நாய்க்கு அதிக அளவே 7.5 மில்லிலிட்டர்தான். மனிதருக்கென விற்கப்படும் 10 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பி ஒன்று போதுமானது. செலுத்தும் நேரம் முழுவதும் ஒருவர் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். துடிப்பு வேகம் குறைந்தாலோ, ஒழுங்கு தவறினாலோ, வாந்தி வந்தாலோ உடனே நிறுத்த வேண்டும். விரைந்து செலுத்தப்பட்ட கால்சியம் இதயத்தை நிறுத்திவிடும். நோயால் சாக இருந்த நாய் மருந்தால் செத்தது என்று ஆகிவிடலாகாது.

ஊர்ப்புற மருந்தகத்தில் பசுவுக்கென வைத்திருக்கும் 450 மில்லிலிட்டர் கால்சியம் புட்டியைப் பற்றி இங்கு ஒரு சொல். அதில் மக்னீசியமும் பிற சத்துகளும் கலந்திருப்பதுண்டு. அதன் அடர்த்தியும் வேறு. பசுவின் புட்டியிலிருந்து ‘கொஞ்சம்’ எடுத்து நாய்க்குக் கொடுப்பது கணக்குத் தெரியாதவர் செய்யத்தக்கதன்று. நாய்க்கெனச் சில குப்பிகளை வாங்கி வைப்பதற்கு ஆகும் செலவு, எந்த மருந்தகத்தின் நிதி ஒதுக்கீட்டையும் நிலைகுலையச் செய்யாது.

வலிப்பு அடங்கிய பின் குட்டிகளை 24 மணி நேரம் தாயிடமிருந்து பிரித்து, மாற்று உணவு தர வேண்டும். நான்கு வாரம் நெருங்கிய குட்டிகளாயின் பால் மறக்கச் செய்துவிடலாம். இந்நோய்க்குக் கார்ட்டிசோன் வகை மருந்துகளைக் கொடுத்தல் தவறு; அவை இரத்தக் கால்சியத்தை மேலும் குறைக்கின்றன.

அன்பால் வரும் கேடு

இந்நோயைத் தடுக்க விரும்பும் வளர்ப்பவர், சினைக்காலம் முழுவதும் கால்சியம் மாத்திரையும் பானகமும் கொடுப்பதைப் பரவலாகக் காண்கிறோம். பயன் நேர்மாறானது. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகளே எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கவும் குடலில் உறிஞ்சவும் ஆணையிடுபவை. வெளியிலிருந்து கால்சியம் தாராளமாக வந்துகொண்டிருந்தால் இச்சுரப்பிகளுக்கு வேலையில்லை, அவை சோம்பிவிடுகின்றன. ஈன்றபின் தேவை திடீரென உயரும்போது அவை விழித்தெழப் பல நாட்கள் ஆகின்றன. அதற்குள் இழுப்பு வந்துவிடுகிறது. சினைக்காலத்தில் நல்ல சமச்சீருணவே போதும்; தனியாகக் கால்சியம் வேண்டியதில்லை. முன்பு இந்நோய் கண்ட நாய்க்கு, ஈன்ற பிறகு, மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்கலாம். இதனைச் சொல்லும்போது நம்பாதவரே மிகுதி. ‘சத்துத்தானே, கெடுதல் என்ன?’ என்ற கேள்விக்கு மேற்கண்ட விளக்கத்தைப் பொறுமையாகக் கூற வேண்டியிருக்கிறது.

பழைய மைசூர் நாட்டுக் கிராமங்களில் நாய்க்கும் கேழ்வரகுக் களியே உணவு. ‘முத்தே’ என்று கன்னடத்தில் வழங்கும் அக்களியில் ஒரு பங்கு வாசலில் காத்திருக்கும் நாய்க்குப் போகும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அரிசியிலோ அது 10 மில்லிகிராம் அளவில்தான். ஆகவே தயிர்ச்சோறு உண்ணும் நகரத்து நாயைவிடக் களி உண்ணும் நாட்டு நாய் இவ்வகையில் பேறு பெற்றது எனலாம். கேழ்வரகிலுள்ள பைட்டேட் எனும் பொருள் அக்கால்சியத்தில் ஒரு பகுதியைப் பிணைத்துவிடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேலும் களியில் புரதமும் கொழுப்பும் போதா. பால் சுரப்பு உச்சமடையும் மூன்றாம், நான்காம் வாரங்களில் தாய் நாய்க்கு வழக்கமான உணவைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு ஆற்றல் தேவைப்படுகிறது. அதனை ஒரே வேளையில் உண்ண வயிறு இடங்கொடாது. நாளொன்றுக்கு நான்கு வேளை, முட்டை, மீன் அல்லது இறைச்சி, பால் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தலும், குடிநீர் எப்போதும் அருகில் இருத்தலும் வேண்டும். இறைச்சியை மட்டுமே கொடுப்பதும் சரியன்று. அதில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு.

வெறிநோய் என்னும் ஐயம்

வீட்டு நாய்க்கு இழுப்பு வந்தால் யாரேனும் மருத்துவரை அழைப்பர். தெருவில் ஈன்ற நாய்க்கு அது வந்தால் என்ன நேர்கிறது? வாயில் நீர் வடிய, விறைத்த காலுடன் தள்ளாடும் நாயைக் கண்டதும் ‘வெறி பிடித்துவிட்டது’ என்ற கூக்குரல் எழுகிறது. அடுத்தது கல்லும் கழியும். கால்சியக் குப்பி ஒன்றால் பிழைத்திருக்கக்கூடிய தாய் அடிபட்டு மடிகிறது; கண் திறவாத குட்டிகள் குளிரிலும் பசியிலும் பின்தொடர்கின்றன.

அச்சம் ஆதாரமற்றது என்று சொல்வதற்கில்லை. வெறிநோய் நம் நாட்டில் இன்னும் ஒழியவில்லை. நாய்வழிப் பரவும் இந்நோயை 2030ஆம் ஆண்டிற்குள் ஒழிப்பதற்கான தேசியச் செயல்திட்டம் 2021 செப்டம்பர் 28 அன்று வெளியிடப்பட்டது. நோய்க்குறி தோன்றியபின் மனிதரைக் காப்பாற்றும் மருந்து இல்லை என்றே கொள்ள வேண்டும். ஆகவே இரு நோய்களையும் பிரித்தறிதல் மருத்துவரின் தலையாய கடமையாகிறது.

முதலில் கேட்கத் தக்கது, நாய் ஈன்று எத்தனை நாட்கள் என்பது. பால் நிறைந்த மடியோடு, ஈன்று நான்கு வாரங்களுக்குள் இருக்கும் நாயில், சில மணி நேரத்திலேயே நடுக்கமும் விறைப்பும் தொடங்கியிருந்தால் கால்சியக் குறைவை முதலில் நினைக்க வேண்டும். அந்நாய் பெரும்பாலும் தன்னைப் பேணுபவரை அடையாளம் கண்டுகொள்ளும். தேடிச் சென்று கடிப்பதில்லை. வெறிநோயில் மாறுதல் நாட்கணக்கில் நிகழ்கிறது: குணம் மாறுதல், குரைப்பின் ஒலி மாறுதல், மண்ணையும் மரத்தையும் கடித்தல், காரணமின்றிப் பாய்தல், பின்னர்த் தாடை தொங்கி விழுங்க இயலாமை, இறுதியில் வாதம். குறிகள் தோன்றிய நாய் பத்து நாட்களுக்குள் இறந்துவிடும். உறுதியான வேறுபாடு மருந்திலேயே தெரிகிறது. கால்சியம் இரத்தத்தில் சேர்ந்த கால் மணி நேரத்தில் இழுப்பு நோய்கண்ட நாயின் விறைப்பு தளர்ந்து, அது எழுந்து நிற்கிறது. வெறிநோயில் கால்சியம் எந்த மாறுதலையும் செய்வதில்லை. வயல் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் பூச்சிமருந்து நஞ்சும் இதே தோற்றத்தைத் தரக்கூடும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

ஐயம் தீரும்வரை எச்சரிக்கை தளரலாகாது. வலிப்பில் இருக்கும் எந்த நாயின் வாயிலும் கையையோ, தண்ணீரையோ, கரண்டியையோ நுழைக்கக் கூடாது. கையுறை அவசியம். கடித்தாலும், காயத்தில் எச்சில் பட்டாலும், நோய் எதுவெனத் தெரியும்வரை காத்திராமல், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நாய் பிழைத்து எழுந்துவிட்டது என்பது ஊசியைத் தள்ளிப்போடக் காரணமாகாது.

நோயற்ற தாய் நாயும் கடிக்கும். குட்டிகளின் அருகில் செல்பவரைத் துரத்துவது அதன் இயல்பே. அதனை வெறிநோய் என்று பதிவு செய்யும் முறையீடுகள் நகராட்சி அலுவலகங்களுக்குக் குளிர் மாதங்களில் வருமாயின், பணியாளர் முதலில் அருகில் குட்டிகள் உள்ளனவா என்று பார்த்தல் பயன் தரும். இரண்டு மாதங்களுக்கு அவ்வழியைச் சிறுவர்கள் தவிர்க்கும்படி ஓர் அறிவிப்பு வைப்பது, நாயைப் பிடித்து வேறிடத்தில் விடுவதினும் எளிது.

கருப்பையும் மடியும்

ஈன்ற முதல் வாரத்தில் தாய் சோர்ந்து, உண்ணாமல், குட்டிகளைப் புறக்கணித்து, காய்ச்சலுடன் நாற்றமடிக்கும் செந்நிற அல்லது சீழ்க் கசிவுடன் காணப்பட்டால் அது கருப்பை அழற்சி. உள்ளே தங்கிய நஞ்சுக்கொடி, இறந்த குட்டி, அல்லது ஈனும் போது தூய்மையற்ற கைகளால் இழுத்துவிட்டது ஆகியவை காரணமாகலாம். குடலில் வாழும் ஈ.கோலை போன்ற கிருமிகளே பெரும்பாலும் இதில் காணப்படுகின்றன. இது வீட்டு வைத்தியத்துக்கு உரியதன்று. நுண்ணுயிர்க் கொல்லி மருந்தும், இரத்தக் குழாய் வழி நீரும், சில வேளைகளில் அறுவையும் தேவைப்படும். கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் ஊசி, ஈன்ற ஓரிரு நாட்களுக்குள்தான் பயன் தரும். அதன் பின் கருப்பை அதற்கு இசைவதில்லை. பால் கறக்கும் மாட்டுக்கு வழக்கமாகப் போடுகிறோம் என்று நாய்க்கும் போட்டுப் பார்ப்பவர் இதனை அறிதல் வேண்டும். (மாட்டுக்கு அவ்வாறு போடுவதே சட்டத்துக்கு மாறானது என்பது வேறு செய்தி.)

முதல் ஈற்று இளம் நாய்களில், ஆறு வாரம் கடந்தும் சிறிது சிறிதாக இரத்தம் கசிவதுண்டு. நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடங்கள் ஆறத் தாமதிப்பதால் வருவது இது. நாய் நன்றாக உண்டு, காய்ச்சலின்றி, வெளிறாமல் இருந்தால் தானே நின்றுவிடும். தேவையற்ற மருந்தால் பயனில்லை.

மடிவீக்கத்தைக் கண்டறிவது எளிது. காணத் தவறுவது அதனினும் எளிது. நாய்க்கு மடி வயிற்றின் அடியில் வரிசையாக அமைந்திருப்பதால், குனிந்து ஒவ்வொரு காம்பாகப் பார்க்காதவர் கண்ணில் அது படுவதில்லை. குட்டிகளின் கூர்நகம் கீறிய புண், சொரசொரப்பான தரை, குட்டிகள் இறந்து பால் தேங்குதல் ஆகியவற்றால் கிருமி உட்புகுகிறது. சுரப்பி சிவந்து, சூடாகி, கல்லாக இறுகும். பால் மஞ்சளாக, நூல்நூலாக, அல்லது இரத்தம் கலந்து வரும். கருநீலமாக மாறிவிட்டால் திசு அழுகுகிறது என்று பொருள்; அன்றே மருத்துவம் வேண்டும். பால் வெறுமனே தேங்கி இறுகியிருந்து, காய்ச்சலும் நிறமாற்றமும் இல்லாவிடில், வெந்நீர்த் துணியால் ஒற்றடமிட்டு மெல்லப் பீய்ச்சிவிடலாம். குட்டிகளின் நகங்களை வாரம் ஒருமுறை நறுக்குவது செலவில்லாத தடுப்பு முறை.

மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது அது பால் வழியே குட்டிக்கும் செல்கிறது என்பதை மறக்கலாகாது. டெட்ராசைக்ளின் வகை, முளைக்கும் பற்களைக் கறைப்படுத்தும். குளோரம்பெனிகால் குட்டியின் முதிராத கல்லீரலுக்கு ஏற்றதன்று. அமாக்சிசிலின், செபலெக்சின் ஆகியவை பொதுவாகப் பாதுகாப்பானவை.

குட்டிகளும் குழந்தைகளும்

பிறந்த குட்டி இரு வாரங்கள் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாது. கண் திறக்க 10 முதல் 14 நாட்கள் ஆகின்றன. நோயெதிர்ப்பு ஆற்றலைத் தரும் சீம்பாலை முதல் 24 மணி நேரத்துக்குள் குடித்தாக வேண்டும். பத்து நாட்களில் பிறப்பு எடை இரட்டிப்பாக வேண்டும். ஆகாவிடில் தாயின் மடியைப் பார்க்க வேண்டும். தாய் நோயுற்றால் நாம் கொடுக்கும் பசும்பால் போதுமா? நாயின் பாலில் புரதம் 7 முதல் 8 விழுக்காடும், கொழுப்பு 9 விழுக்காடும் உள்ளன. பசும்பாலில் இவை முறையே சுமார் 3.3, 4 விழுக்காடுதான். எனவே பசும்பாலை நீர் கலக்காமல், முட்டை மஞ்சட்கருவைச் சேர்த்துக் கொடுப்பர். குளிர்ந்துபோன குட்டிக்கு முதலில் வெதுவெதுப்பு, பிறகே பால். குளிர்ந்த உடலில் பால் செரிக்காது.

தாயின் உடலில் உறங்கிக் கிடக்கும் உருண்டைப் புழுவின் இளம்பருவங்கள் சினையின் இறுதிப் பகுதியில் விழித்தெழுந்து, நஞ்சுக்கொடி வழியாகக் கருவிலுள்ள குட்டிகளை அடைகின்றன. பின்னர்ப் பால் வழியாகவும் செல்கின்றன. கொக்கிப்புழுவும் பாலில் வரும். வயிறு உப்பி, உடல் மெலிந்து, ஈறு வெளிறிய குட்டிகளை எத்தெருவிலும் காணலாம். இக்குட்டிகளின் எச்சத்தோடு வெளிவரும் முட்டைகள் மண்ணில் நெடுங்காலம் உயிரோடிருந்து, மண்ணில் விளையாடும் குழந்தையின் வாய்க்குள் சென்றால், கல்லீரலிலும் நுரையீரலிலும், அரிதாகக் கண்ணிலும் புழு அலையும் நோயை உண்டாக்குகின்றன. குட்டிகளுக்கு 2, 4, 6, 8 ஆகிய வாரங்களிலும், தாய்க்கு அவற்றுடன் சேர்த்தும் புழுநீக்க மருந்து கொடுப்பது வழக்கம். தெருக் குட்டிகளை மடியில் வைத்துக் கொஞ்சும் சிறுவர்களைத் தடுக்க முடியாது. கை கழுவச் சொல்லலாம். குட்டிக்கு மருந்தும் கொடுக்கலாம்.

அலுவலர்கள் கருத்திற்கு

மேற்கு வங்காளத்தில் 95 ஈற்றுகளில் பிறந்த 364 தெருக் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு மாதம்வரை உயிர்வாழ்ந்தவை ஏறத்தாழ 19 விழுக்காடு மட்டுமே. இறப்புகளில் 63 விழுக்காட்டுக்கு மனிதச் செயல்களே ஏதோ ஒரு வகையில் காரணமாயிருந்தன. இந்த எண்களைக் கண்டு, ‘இயற்கையே பெருக்கத்தைக் கட்டுப்படுத்துகிறதே’ என்று கூறும் அலுவலர்களும் உளர். இக்கூற்று கணக்கில் நிற்பதில்லை. இவ்வளவு சாவுக்குப் பின்னும் நாய்களின் எண்ணிக்கை இலட்சக்கணக்கில் நிற்கிறது. அதோடு, வெறிநோய்ப் பரவலைத் தடுக்க நாய்களில் 70 விழுக்காட்டிற்குத் தடுப்பூசி இருத்தல் வேண்டும் என்பது ஏற்கப்பட்ட அளவு. ஊசி போட்ட தாய் இறந்து, ஊசி போடாத இளம் நாய் அதன் இடத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் இந்த அளவு கரைகிறது. போட்ட ஊசியின் பயன், நாய் எத்தனை காலம் உயிரோடிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

2001ஆம் ஆண்டின் விதிகளுக்கு மாற்றாக 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட நாய்களின் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், குட்டிகளோடு இருக்கும் தாய் நாயையும் ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிகளையும் கருத்தடைக்கெனப் பிடிக்கலாகாது என்கின்றன. களப்பணியாளர் சிலர் இதனைப் பணிக்கு இடையூறாகக் கருதுகின்றனர். உண்மையில் இது காலத்தைக் குறிக்கும் விதி. குளிர் மாதங்களில் ஈன்ற நாய்களின் இருப்பிடத்தைக் குறித்து வைத்துக்கொண்டால், குட்டிகள் தாமாக உண்ணத் தொடங்கிப் பால் வற்றும் எட்டாம் வாரத்தில் அதே தாயை அதே இடத்தில் பிடிக்கலாம். அதுவரை அதற்கு உணவளிக்கும் வீட்டாரே அன்று பிடித்துத் தரவும் உதவுவர். குறித்து வைக்காத ஊரில், அடுத்த பருவத்தில் அந்நாய் மீண்டும் சினையாகவே பணியாளர் கண்ணில் படும்.

மருந்தகத்தில் செய்ய வேண்டியவை சிலவே. கால்சியம் குளுக்கோனேட் குப்பிகள், சிறிய அளவு ஊசிக்குழல்கள், வெப்பமானி, வெறிநோய்த் தடுப்பூசி ஆகியவை ஐப்பசி மாதத்துக்குள் இருப்பில் இருத்தல் வேண்டும். மருந்தகம் தொலைவில் உள்ள ஊர்களுக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கத்தக்க நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகள் உள்ளன. மாட்டுக்காக ஏற்பட்ட அவ்வூர்தியின் பெட்டியில் இரண்டு சிறு குப்பிகளுக்கு இடமுண்டு. தெருவில் நடுங்கும் நாயைப் பற்றிய தொலைபேசிச் செய்தி வரும்போது, எதிர்முனையில் இருப்பவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அந்நாய்க்குக் குட்டிகள் உள்ளனவா, பிறந்து எத்தனை நாட்கள் ஆயின என்பதே.